கடனும் மன்னிப்பும்: கிறித்தவத் தமிழிலே தோல்வியுற்றோன் மீளல் பற்றிய ஒரு நோக்கு

கிறித்தவத் தமிழ் இலக்கியம் பற்றி ஈழத்திலும் தமிழகத்திலும் எழுந்த ஆய்வுகளை ஒருசேர நோக்குமிடத்து, அவற்றுட் பெரும்பாலானவை தொண்டுக் கணக்கெடுப்புக்களாக அமைந்திருத்தல் புலனாகும். உரைநடை வளர்ச்சி, அகராதிப் பணி, அச்சுக்கலை, பாடநூலாக்கம் என வகுத்து, இன்ன பாதிரியார் இன்ன ஆண்டிலே இன்னது செய்தார் எனக் கூறி அமைவதே வழக்கமாயிற்று. முற்போக்கு விமரிசனம் இவ்விடயத்திலே ஒரு படி முன்சென்றது உண்மையே. மிசனரிமாரின் பணியைக் குடியேற்ற ஆட்சியின் பகைப்புலத்தில் வைத்து அது விளக்கிற்று. அவ்விளக்கம் இன்றியமையாதது, அதனை விட்டுக்கொடுக்கும் எண்ணம் நமக்கில்லை. ஆயினும், வாழ்விலே இடறி விழுந்த மனிதன், அதுவும் பிறர்க்குத் தீங்கு விளைத்து விழுந்த மனிதன், எவ்வாறு மீண்டும் எழுந்து நடமாடல் கூடும் என்னும் வினா அவ்விலக்கியத்தின் நடுநாடியாக ஓடுவதை நாம் 'தனிமனித ஆத்மீகம்' என்று பெயரிட்டு ஒதுக்கிவிட்டோம். அவ்வாறு ஒதுக்கியமை சரிதானா என்பதே இங்கு ஆராயப்படுவது.

இவ்வினாவை நாம் ஆலையடிவேம்பிலிருந்து நோக்க விழைகிறோம். அம்பாறைக் கரையிலே அக்கரைப்பற்றை ஒட்டி அமைந்துள்ள இத் தமிழ்ப் பிரதேசத்திலே சைவரே பெரும்பான்மையினர். ஒரு வீதியைக் கடந்தால் முஸ்லிம் ஊர். கிறித்தவர் இங்கும், வடக்கே கல்முனைப் பகுதியிலும், சிறு தொகையினரே. மெதடிஸ்தக் குருவாகிய வில்லியம் ஓல்ட் 1814ஆம் ஆண்டில் மட்டக்களப்புக்கு வந்து, மறு ஆண்டிலேயே இறந்துபட்டார். அவர் தொடக்கிவைத்த பணி தேவாலயங்களைக் காட்டிலும் பள்ளிக்கூடங்கள் வழியாகவே இக்கரையிற் பரவிற்று. 1892இல் காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகளும் கல்முனையில் மெதடிஸ்தப் பள்ளியிலே பயின்றவரே. எனவே கிறித்தவ மன்றாட்டின் சொற்கள், ஞானஸ்நானம் பெற்றோர் தொகையினும் பன்மடங்கு மிகுந்தோரின் செவியிலே இங்கு விழுந்துள்ளன. மூன்று சமயத்தாரின் வழக்குச் சொற்களும் ஒன்றோடொன்று உரசும் இடம் இது. அவ்வுரசலிலே ஒரு சொல்லின் உட்பொருள் வெளிப்படுதல் உண்டு. நாம் எடுத்துக்கொள்ளும் சொல் 'கடன்' என்பது.

இயேசு தம் சீடர்க்குக் கற்பித்ததாகக் கூறப்படும் மன்றாட்டு மத்தேயு, லூக்கா ஆகிய இரு நற்செய்தி நூல்களிலே காணப்படுகிறது. மன்னிப்பு வேண்டும் பகுதியிலே மத்தேயுவின் கிரேக்க மூலம் 'கடன்கள்' என்கிறது. லூக்காவின் மூலம் இறைவனிடம் வேண்டும்போது 'பாவங்கள்' என்றும், மனிதரைக் குறிக்கும்போது 'கடன்பட்டோர்' என்றும் வேறுபடுத்துகிறது. இயேசு பேசிய அரமேய மொழியிலே கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல் வழங்கிற்று என்பர் விவிலிய அறிஞர். ஆங்கிலத் திருச்சபையின் மன்றாட்டு நூல் எல்லை மீறுதல் எனப் பொருள்படும் சொல்லொன்றை ஆண்டது. தமிழ்க் கத்தோலிக்கர் நெடுங்காலம் ஓதிவந்த வடிவிலே 'பாவம்' என்பதும் 'பொறுத்தருளல்' என்பதும் வந்தன. புரட்டஸ்தாந்தத் தமிழரோ 'கடன்', 'கடனாளி', 'மன்னித்தல்' என்னும் சொற்களைக் கைக்கொண்டனர். ஒரே மன்றாட்டு, ஆனால் இரு வேறு உலகங்கள். பொறுத்தல் என்பது சுமத்தல். பிழை இழைத்தவனின் பாரத்தைப் பிழைக்கு ஆளானவர் தாங்கிக்கொள்ளுதலை அச்சொல் குறிக்கும். வள்ளுவர் 'பொறையுடைமை' என அதிகாரம் வகுத்தமையும் இப்பொருளிலேயே. கடனை மன்னித்தல் என்பது கணக்கு ஏட்டிலே கோடு கிழித்தலாகும். அங்கே இருவர் இருக்கின்றனர். ஒரு தொகையும் இருக்கிறது.

தமிழ்ச் சொல்லுக்கு இன்னுமோர் அடுக்கு உண்டு. கடன் என்பது தமிழிலே பெற்ற பொருளைத் திருப்பித் தரவேண்டிய நிலையை மாத்திரம் சுட்டுவதன்று. புறநானூற்றின் 312ஆம் பாடலிலே பொன்முடியார் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் மைந்தனுக்கும் உரியவற்றை அடுக்கிச் சொல்லும்போது ஆளும் சொல் இதுவே. இறுதிக்கடன், காலைக்கடன், நேர்த்திக்கடன் என இன்றும் வழங்குகிறோம். தம்பிலுவில் கண்ணகி அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர் அதனைச் செலுத்தும் வரை கடனாளியே. ஆகவே 'கடனை மன்னியும்' என மன்றாடும் தமிழன், தான் செய்த தீமையை மட்டுமன்றித் தான் செய்யத் தவறியவற்றையும் சேர்த்தே முன்வைக்கிறான். தோல்வி என்பதன் மிகப் பெரும் பகுதி இத் தவறவிட்ட கடமைகளே என்பதை அவ்வனுபவம் உடையோர் அறிவர். இவ்வளவு பொருளையும் மொழிபெயர்ப்பாளர் கருதியே செய்தனர் என நாம் கூறவரவில்லை. மூலத்தைப் பின்பற்றி அவர்கள் ஒரு சொல்லை எடுத்தனர். எஞ்சியதைத் தமிழ் செய்துகொண்டது.

புரட்டஸ்தாந்தச் சபைகளிலே நிலைபெற்ற 1871ஆம் ஆண்டு வேதாகமத் திருத்தப் பதிப்பு, யொஹான் பிலிப் பப்ரிசியுஸ் என்னும் யேர்மானியரின் மொழிபெயர்ப்பை அடிப்படையாகக் கொண்டது. 1711இலே பிறந்த பப்ரிசியுஸ், 1740இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1742 தொடக்கம் 1791இல் இறக்கும் வரை பெரும்பாலும் சென்னையிலேயே வாழ்ந்தவர். 1761இலே புதுச்சேரியைக் கைப்பற்றிய ஆங்கிலப் படையினர் அங்கிருந்து கொண்டுவந்த அச்சியந்திரம் வேப்பேரியிலே இவர் பொறுப்பில் விடப்பட்டது. 1772இலே இவருடைய புதிய ஏற்பாடும், 1779இலே தமிழ்–ஆங்கில அகராதியும் வெளிவந்தன. இவர் யேர்மானிய மொழியிலிருந்து பெயர்த்த ஞானப்பாட்டுக்கள் லுத்தரன் சபைகளிலே இன்றும் பாடப்படுகின்றன. இவை யாவும் தொண்டுக் கணக்கிலே முறையாகப் பதிவாகியுள்ளன. இதே பப்ரிசியுஸ் தம் வாழ்வின் பிற்பகுதியிலே கடனுக்காகச் சிறையிலிடப்பட்டார் என்னும் செய்தி அத்துணை பரவலாகப் பேசப்படுவதில்லை.

நிகழ்ந்தது இதுதான். சபையின் பணத்தையும், நம்பிக்கையின் பேரிலே பலர் தம்மிடம் ஒப்படைத்த பணத்தையும் பப்ரிசியுஸ் வட்டிக்குக் கொடுத்தார். கொடுத்த பணம் திரும்பவில்லை. அவரை நம்பியோர் அவர்மீது வழக்குத் தொடுத்தனர். முதியவராகிய அவர் கடனாளியாகச் சிறைப்பட்டார். ஈற்றில் 1788இலே சென்னைப் பணியின் பொறுப்பு கெரிக்கே என்பவரிடம் சென்றது. மிசன் வரலாறுகள் பெரும்பாலும் இதனை உலகியல் அறியாத ஒரு வெள்ளை மனத்தின் பிழை எனச் சொல்லிக் கடந்துவிடும். அவ்வாறு கடந்துவிடுதல் பப்ரிசியுசுக்கும் நியாயம் செய்வதன்று. பணம் இழந்தோர்க்கும் நியாயம் செய்வதன்று.

அக்காலச் சென்னையை ஒருகணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலிக்குக் கடன் கொடுத்தல் கம்பனி ஊழியரின் பெருந்தொழிலாய் இருந்த காலம் அது. போல் பென்பீல்டு போன்றோர் அத்தொழிலாலே பெருஞ்செல்வர் ஆயினர். நவாபின் கடன்களுட் பல ஐயத்துக்கு இடமானவை என்பது நன்கு தெரிந்திருந்தும், விசாரணை எதுவுமின்றி அவற்றைக் கர்நாடக தேசத்தின் வருவாயிலிருந்து தீர்க்க ஆங்கில அரசு முடிவுசெய்தபோது, எட்மண்ட் பேர்க் 1785ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்திலே பாராளுமன்றத்தில் நீண்டதோர் உரையாற்றி அதனைக் கண்டித்தார். அக்கண்டனம் பயன் தரவில்லை. பெரிய கடன்காரரின் கணக்கு உழவர் இறுத்த வரியினாலே நேர்செய்யப்பட்டது. கிழப் பாதிரியாரின் கணக்கோ சிறைச்சாலையிலே நேர்செய்யப்பட்டது. வட்டி முதலின் அவ்வுலகிலே பப்ரிசியுசும் ஒரு சிறு பங்காளியே. அவரை அதற்குப் புறம்பான புனிதராகக் காட்டுதலும், அவ்வுலகின் சூதாளருள் ஒருவராக மட்டும் காட்டுதலும் வரலாற்றைக் குறுக்குவனவே.

இவ்விடத்திலே ஓர் எச்சரிக்கை. 'கடன்களை மன்னியும்' என மன்றாடும் மரபுக்கு மொழி அமைத்தவர் கடனாலே சிறைப்பட்டார் என்னும் பொருத்தம் கதைபண்ணுவோரைக் கவரும். காலமுறை அதற்கு இடந்தரவில்லை. புதிய ஏற்பாடு முன்னரே அச்சேறியாயிற்று. வீழ்ச்சி பின்னரே வந்தது. அனுபவம் சொல்லைப் பிறப்பித்தது எனக் கூறுதல் இயலாது. சொல் அங்கே காத்திருந்தது. மனிதர் பின்பு அதற்குள்ளே போய் விழுந்தார் என்று வேண்டுமாயின் கூறலாம். பழைய ஏற்பாட்டுடன் கூடிய அவருடைய மொழிபெயர்ப்பு, அவர் மறைவின் பின், 1796இலே நிறைவாக வெளிவந்தது. சபையார் அவருடைய சொற்களை ஓதினர், பாட்டுக்களைப் பாடினர். தோல்வியுற்ற ஒருவரின் சொல்லைத் தமது அன்றாட மன்றாட்டாக ஏற்றுக்கொள்ளுதலும் ஒருவகை மன்னிப்பே எனில், பப்ரிசியுஸ் மன்னிக்கப்பட்டார். பணத்தை இழந்தோர் பெயர் இலக்கிய வரலாற்றில் இல்லை.

கிறித்தவ மன்னிப்புக் கோட்பாட்டை நோக்கி முற்போக்காளர் எழுப்பவேண்டிய மெய்யான வினா இங்கேதான் தோன்றுகிறது. இறைவன் மன்னித்தான் என்னும் உறுதி விழுந்தவனை எழுப்பலாம். ஆனால் அவனால் விழுத்தப்பட்டவனை அது எழுப்புமா? நற்செய்தி நூல்களை ஊன்றி வாசிப்போர் இவ்வினா அந்நூல்களுக்குள்ளேயே எழுந்திருத்தலைக் காண்பர். லூக்காவின் 19ஆம் அதிகாரத்திலே வரும் வரி அறவிடுவோனாகிய சகேயு, மன்னிப்புப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. தன் உடைமையிற் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்புவதாகவும் அறிவிக்கிறான். அவன் பேச்சு முழுவதும் கணக்கு. பவுல் பிலேமோனுக்கு எழுதிய சிறு கடிதத்திலும், ஒனேசிமு என்னும் அடிமை ஏதேனும் கடன்பட்டிருப்பின் அதனைத் தன் கணக்கிலே சேர்க்குமாறு கூறுகிறார். மத்தேயுவின் 18ஆம் அதிகாரத்திலே, தன் பெருங்கடன் தள்ளப்பெற்ற ஊழியன் தனக்குச் சிறு தொகை தரவேண்டியவனின் கழுத்தைப் பிடிக்கும் கதை உளது. நம் தேவாலயப் பிரசங்கங்களிலே ஊதாரி மைந்தன் பெறும் இடத்தைச் சகேயு பெறுவதில்லை என்பது நமது கணிப்பு. ஊதாரி மைந்தன் கதை கேட்போர் நெஞ்சை உருக்குவது. சகேயு கதை கேட்போர் பணப்பெட்டியைத் திறக்கச் செய்வது.

ஆலையடிவேம்புக்கு அயலிலே, முஸ்லிம் ஊர்களிலே, இவ்வினாவுக்குத் தெளிவானதொரு விடை வழக்கிலுள்ளது. இறைவனுக்குரிய கடப்பாட்டிலே தவறியோன் இறைவனிடம் தௌபாச் செய்து மீளலாம். அடியாருக்குரிய உரிமையிலே தவறியோன் அவ்வடியாரிடம் போயே தீரவேண்டும். ஹக்குல்லாஹ், ஹக்குல் இபாத் என இஸ்லாமிய மரபு இவற்றை வேறுபடுத்துகிறது. அறப்போரிலே உயிர் துறந்தவனுக்கும் கடன் மட்டும் மன்னிக்கப்படாது என்னும் கருத்துடைய நபிமொழி சஹீஹ் முஸ்லிம் தொகுப்பிலே உண்டு. ஹஜ்ஜுக்குப் புறப்படுவோர் உறவினரிடமும் அயலவரிடமும் சென்று, பிழைகளைப் பொறுத்து ஹலாலாக்கித் தருமாறு கேட்டல் வழக்கம். மையித்தின் கொடுக்கல் வாங்கல் பற்றி வாரிசுகளிடம் தெரிவிக்குமாறு அடக்கத்துக்கு வந்தோரிடம் கேட்டுக்கொள்வதும் உண்டு. 'பொறுத்தல்' என்னும் பழந்தமிழ்ச் சொல்லும் 'ஹலால்' என்னும் அரபுச் சொல்லும் ஒரே தொடரிலே கைகோத்து நிற்கும் அழகு ஒருபுறமிருக்க, அங்கே மன்னிப்பவர் யார் என்பதிலே மயக்கமில்லை. 1985 தொடக்கம் இக்கரையிலே தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர்க்கொருவர் இழைத்தவையும், 1990இன் படுகொலைகளும் இவ்விடத்திலே நினைவுக்கு வருதல் தவிர்க்கவியலாதது. சமாதானக் கூட்டங்களிலே 'மன்னிப்போம், மறப்போம்' எனப் பொதுவாகப் பேசியோர், யாருடைய உரிமையை யார் விட்டுக்கொடுப்பது என்னும் இவ்வேறுபாட்டைத் தம் அயலவரிடமே கற்றிருக்கலாம். தனிமனிதத் தோல்வி பற்றிய இக்கட்டுரையிலே அதனை மேலும் விரித்தல் பொருந்தாது.

இனிக் காப்பியத்துக்கு வருவோம். திருநெல்வேலிக் கரையிருப்பிலே 1827இல் வைணவ வேளாள குடும்பத்திற் பிறந்து, 1858இலே சென்னையில் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, ஜோன் பனியன் 1678இலே வெளியிட்ட உருவகக் கதையைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார். ஐந்து பருவங்களிலே 3700க்கு மேற்பட்ட செய்யுள்களைக் கொண்ட இக்காப்பியம் 1894இல் நூலுருப் பெற்றது. 'கிறித்தவக் கம்பன்' என அவரைப் போற்றுவோர் நூலின் நடையையே பேசுவர். நமக்கு முதன்மையாகத் தோன்றுவது வேறொன்று. தண்டியலங்காரம் பெருங்காப்பியத்துக்குத் தன்னிகரில்லாத் தலைவனை வேண்டிற்று. பனியனின் தலைவனோ முதுகிலே பாரம் சுமந்து, தன் வீட்டாராலே பித்தனெனக் கருதப்பட்டு ஓடுபவன். தமிழ்க் காப்பிய மண்டபத்துக்குள்ளே தோற்றுப்போன ஒருவன் தலைவனாக நுழைந்தமை சிறிய செய்தியன்று.

பனியனின் கதையமைப்பிலே கவனிக்கத்தக்கது பாரம் விழும் இடம். சிலுவையின் அடியிலே பயணியின் முதுகுச் சுமை அவிழ்ந்து உருண்டு போகிறது. அந்நிகழ்ச்சி கதையின் முடிவிலே வைக்கப்படவில்லை. தொடக்கப் பகுதியிலேயே வந்துவிடுகிறது. அதன் பின்னரே நெடிய பயணம். மன்னிப்புப் பெற்றவன் மலையேறும் வழியிலே உறங்கித் தன் சுருளைத் தொலைக்கிறான். வந்த வழியே திரும்பி நடந்து அதனைத் தேடுகிறான். எளிதென்று எண்ணிய பக்கப் பாதையிலே திரும்பி, ஐயம் என்னும் கோட்டையிலே அவநம்பிக்கை என்னும் அரக்கனிடம் சிறைப்படுகிறான். சிறையின் திறவுகோல் அந்நேரமெல்லாம் அவன் மடியிலேயே இருந்திருக்கிறது. பெட்போர்ட் சிறையிலே 12 ஆண்டுகள் கிடந்த ஒருவர் எழுதிய கதை இது. மன்னிப்பை முடிவாக வைக்கும் கதைகள் யாவும் மறுநாள் காலை என்ன நிகழ்ந்தது என்பதைச் சொல்லாமல் விடுகின்றன. குடியை விட்டவன், கையாடிய பணத்தை ஒப்புக்கொண்டவன், குடும்பத்தைக் கைவிட்டுத் திரும்பியவன் ஆகியோர்க்கெல்லாம் இடர் தருவது அந்த மறுநாளே. பனியன் மறுநாளை எழுதினார்.

கிருஷ்ணபிள்ளை அதனை எவ்வளவு தூரம் தமிழாக்கினார் என்பதிலே நமக்குத் தயக்கம் உண்டு. கம்பனிடம் பெற்ற சொல்வளம் அவருக்கு அணியும் ஆயிற்று, தடையும் ஆயிற்று. நாட்டு வருணனையும் உவமை அடுக்கும் பயணியின் வெட்கத்தைப் பட்டுத் துணியாலே போர்த்துவிடுகின்றன. இடையிடையே 'தேவாரம்' என்னும் பெயரிலே அவர் அமைத்த இசைப்பாடல்களிலேதான் தன்மையிலே பேசும் மனிதக் குரல் கேட்கிறது. எனினும் அக்குரலும் பக்தி மரபின் குரலே. மாணிக்கவாசகரும் ஆழ்வார்களும் தம்மைக் கடையராகத் தாழ்த்திப் பாடிய பாங்கு அதிலே தொடர்கிறது. அப்பாங்கிலே பாடுவோன் தன் சிறுமையை முழுதுற அறிக்கையிடுவான். ஆனால் இன்னாருக்கு இன்ன தீங்கு செய்தேன் என்பது அங்கே இராது. அறிக்கை எவ்வளவு பெரிதாகிறதோ அவ்வளவுக்குத் தீங்குற்றோன் மறைந்துபோகிறான். கிறித்தவத் தமிழ்க் கவிதையின் குறைபாடு இதுவெனில், அது கிறித்தவத்திலிருந்து வந்ததன்று. தமிழ்ப் பக்தியிலிருந்து வந்தது. பிற்காலத்திலே ஹெப்சிபா ஜேசுதாசன் 'புத்தம் வீடு' (1964) நாவலிலே, பனையேறிகள் வாழும் குமரி நாட்டுச் சிற்றூரிலே நொடித்துப்போன கிறித்தவக் குடும்பமொன்றின் கதையைச் சொன்னபோதுதான், தோல்வி செய்யுளிலிருந்து இறங்கி முற்றத்துக்கு வந்தது.

கடன்பட்டோர் நெஞ்சம்போல இலங்கை வேந்தன் கலங்கினான் என்னும் பொருள்பட வழங்கும் அடி கம்பனுடையது எனப் பலர் மேடைகளிலே கூறுவர். அவ்வடி கம்பராமாயணத்திலே இல்லை. கம்பனிடத்து இல்லாததை மக்கள் வாய் கம்பனுக்குக் கொடுத்துள்ளது. கலங்கிய நெஞ்சுக்குக் கடனைக் காட்டிலும் பொருந்திய உவமை இல்லை என்பது இச்சமுதாயத்தின் தீர்ப்புப் போலும். அம்பாறைக் கரையிலே இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. போடியாரிடம் விதை நெல்லும் செலவும் முற்பணமாகப் பெற்று, அறுவடையிலே களத்து மேட்டிலேயே கணக்குத் தீர்த்துக் கைவிரித்து நின்ற முல்லைக்காரரின் பரம்பரை இங்குண்டு. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகை உழவனுக்குப் பாதுகாப்பளிக்க முயன்றது; கடனை அது தொடவில்லை. போருக்குப் பின் நுண்கடன் நிறுவனங்கள் கிராமப் பெண்களைத் தேடி வந்தன. வாரந்தோறும் அறவிட வந்தோருக்கு அஞ்சி ஒளிந்திருந்த பெண்களின் நிலை வடக்கிலும் கிழக்கிலும் வெளிப்படையாயிற்று. 2018இலே வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களைச் சேர்ந்த பெண்கள் பெற்ற, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. 'தள்ளுபடி' என்னும் சொல்லை நோக்குக. தொகை தள்ளப்படுகிறது, கடனாளி என ஊரறிய நின்றவளின் முகம் அதனால் மீள்வதில்லை. கடன்பட்டவள் வாயிலே அம்மன்றாட்டு ஒரு பொருள் தரும்; கடன் கொடுத்தவன் வாயிலே வேறொரு பொருள் தரும். பிரசங்கிகள் இரு சாராருக்கும் ஒரே உரையை வழங்குதலே நாம் கொள்ளும் முறைப்பாடு.

இக்கரையின் தெய்வம் கண்ணகி. வைகாசியிலே குளிர்த்திச் சடங்கின்போது கண்ணகி வழக்குரை பாடப்படும் ஊர்களிலே, தோல்வியுற்ற மனிதன் என்றதும் முதலில் எண்ணப்படவேண்டியவன் கோவலனே. பொருளை இழந்து, மனைவியைக் கைவிட்டு, பின் அவளுடைய சிலம்பை முதலாகக் கொண்டு புதிதாகத் தொடங்கப் புறப்பட்டவன் அவன். சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையிலே அவன் தன் தவறுகளை மனைவியிடம் ஒப்புக்கொள்கிறான். கண்ணகி மன்னித்தேன் எனச் சொல்லவில்லை. அறவோர்க்கு ஈதலும் விருந்தினரை எதிர்கொள்ளுதலுமாகிய கடன்களைத் தான் இழக்க நேர்ந்ததை எண்ணிச் சொல்கிறாள். தன் மாமன் மாமியர் முன் தான் பட்ட துயரைச் சொல்கிறாள். பெரியோர் போற்றாத ஒழுக்கத்தை அவன் மேற்கொண்டமையை நேரே சொல்கிறாள். ஆயினும் அவன் அழைத்தபோது எழுந்து வந்ததையும் சொல்கிறாள். கணக்கும் உடன்வருதலும் ஒரே பேச்சிலே உள்ளன. கிறித்தவ மன்னிப்பின் மிகச் சிறந்த பகுதிக்கு இதனைக் காட்டிலும் அண்மையானதொரு கூற்றைத் தமிழ்ப் பழம் இலக்கியத்திலே நாம் காணவில்லை. ஆனால் காப்பியம் அவனை வாழவிடவில்லை. தவறுணர்ந்த பாண்டியனையும் அது வாழவிடவில்லை. அவன் அரியணையிலேயே உயிர் துறந்தான். பிழையை உணர்ந்தோன் இறத்தலே மாண்பு எனக் கொண்ட மரபு அது. மூன்று முறை மறுதலித்த பேதுருவை வாழவிட்டு, அவனிடமே மந்தையையும் ஒப்படைத்த நற்செய்தி மரபு அதனோடு முரண்படுகிறது. குளிர்த்தி பாடுவோர் தெய்வத்தின் சினத்தைத் தணிப்பர். அவர்தம் சடங்கிலும் பாண்டியன் மீள்வதில்லை.

ஊதாரி மைந்தன் கதையை ஆலையடிவேம்பிலே வைத்து வாசித்தால் என்னாகும்? டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றின் தமிழரையும் முஸ்லிம்களையும் பல்லாண்டு ஆராய்ந்து 2008இலே வெளியிட்ட நூலிலே விளக்கியிருப்பதுபோல, இங்கு இரு சமூகத்தாரிடையும் குடி தாய்வழி வருவது. வீடும் வளவும் சீதனமாகப் பெண்மக்களுக்குச் செல்வன. மணமானபின் ஆண்மகன் மனைவி வீட்டுக்குப் போவான். பழைய முக்குவர் சட்ட மரபிலே முதுசம் சகோதரியின் மக்களுக்கு உரியது; ஒருவன் தன் முயற்சியால் ஈட்டிய தேட்டமே அவன் விருப்பப்படி வழங்கற்பாலது. இத்தகைய ஊரிலே இளைய மகன் தந்தையிடம் தன் பங்கைக் கேட்டான் என்னும் தொடக்கமே கேட்போரைத் திடுக்கிடச் செய்யும். அவன் தூரதேசத்திலே அழித்தது முதுசமாயின், அழிந்தது தமக்கையின் வீடு; மருமக்களின் வயல். திரும்பி வருபவனைத் தந்தை ஓடிச்சென்று கட்டித் தழுவலாம், மோதிரமும் அணிவிக்கலாம். ஆனால் அம்மன்னிப்பிலே அவருக்குள்ள உரித்து பாதியே. அவன் படியேற வேண்டிய வாசல் ஒரு பெண்ணின் வாசல்.

லூக்காவின் 15ஆம் அதிகாரத்திலே மூத்த மகன் வயலிலிருந்து வந்து, வீட்டினுட் செல்ல மறுத்து, வெளியிலே நிற்கிறான். தான் இத்தனை ஆண்டு உழைத்தமைக்கு ஓர் ஆட்டுக்குட்டியும் கிடைக்கவில்லை எனக் கணக்குச் சொல்கிறான். தந்தை அவனிடமும் வெளியே வந்து பேசுகிறார். அவன் உள்ளே சென்றானா என்பதைச் சொல்லாமலே கதை நின்றுவிடுகிறது. அக்கதையிலே தமக்கை இல்லை, தாயும் இல்லை.